மேற்கு மாம்பலத்தில் குடியேறுவோருக்கு: வீடு பார்ப்பது முதல் மழைக்காலம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுவோரில் பலர் வாடகை, அறைகளின் எண்ணிக்கை, சமையலறையின் அளவு ஆகியவற்றை முதலிலும் தெருவைக் கடைசியிலும் பார்க்கிறார்கள். மேற்கு மாம்பலத்தைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதே நல்லது. கிழக்கே இரயில் பாதையும் அதற்கப்பால் தியாகராய நகரும், மேற்கே அசோக் நகரும், வடக்கே கோடம்பாக்கமும், தெற்கே சைதாப்பேட்டையும் சூழ்ந்த இந்தப் பகுதி பரப்பில் சிறியது. ஆனால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே தண்ணீரில், மழைநீர் வடிவதில், சத்தத்தில், வண்டி நிறுத்தும் வசதியில் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது. கீழே வரும் படிகள், ஒருவர் புதிதாகக் குடியேறும்போது எந்த வேலையை எப்போது செய்ய வேண்டியிருக்குமோ அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை சென்னையின் மற்றப் பழைய குடியிருப்புப் பகுதிகளுக்கும் பொருந்தும்.

முதல் படி: வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் மாம்பலம் ஏரி நீண்டு கிடந்தது. 1920களில் அந்த ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தின் முக்கியச் சாலைகளுள் ஒன்று இன்றும் லேக் வியூ ரோடு என்றே அழைக்கப்படுகிறது. அங்கிருந்து பார்ப்பதற்கு இப்போது ஏரி எதுவும் இல்லை. இந்தப் பழங்கதையைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. ஏரி இருந்த தாழ்நிலத்தில் விழும் மழைநீர் மாம்பலம் கால்வாய் வழியாகத்தான் அடையாற்றை அடைய வேண்டியிருக்கிறது. அந்தக் கால்வாயில் அடைப்பு ஏற்பட்டால் இரயில் பாதையின் இருபுறமும் தண்ணீர் தேங்குகிறது. 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்த வட்டாரம் பட்ட பாட்டை இங்குள்ளோர் மறக்கவில்லை.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது சுற்றுச்சுவரின் வெளிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். புதிய வண்ணத்துக்குக் கீழே ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் உப்புப் பூத்த கோடு தெரிந்தால் அது எந்த ஆண்டின் கோடு என்று கேளுங்கள். மின் மீட்டர் பலகை வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதும், தண்ணீர் மோட்டார் தனி மேடையின் மேல் அமர்ந்திருப்பதும், தரைத்தள வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்புப்படி இருப்பதும் உரிமையாளர் அனுபவத்தில் கற்றவற்றின் அடையாளங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுக்கொண்டு வந்ததால், பல பழைய வீடுகளின் தரைத்தளம் இன்று சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அத்தகைய வீட்டில் வாடகை குறைவாகச் சொன்னால், அதற்கான காரணம் வாசலிலேயே தெரியும்.

தெருவைப் பற்றிய உண்மையைத் தரகரிடம் எதிர்பார்க்க வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரும், பால் போடுபவரும், பூக்கட்டும் அம்மாவும் எந்த வீட்டில் தண்ணீர் வரும், எந்த வீட்டில் ஆள் தங்குவதில்லை என்பதை நன்கு அறிவார்கள். இஸ்திரிக்காரரிடம் இரண்டு சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பது தரகுக் கட்டணத்தைவிட மலிவானது, பயனும் அதிகம். இயன்றால் மூன்று வேளைகளில் போய்ப் பாருங்கள்: தண்ணீர் வரும் விடியற்காலையில் ஒரு முறை, இரு சக்கர வாகனங்கள் தெருவை அடைத்துக்கொள்ளும் மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. திருமண மண்டபத்துக்கு அருகில் உள்ள தெருவாக இருந்தால் முகூர்த்த நாளில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியின் சில தெருக்களில் வீட்டுக்காரர்கள் சைவமா என்று கேட்பார்கள். சிலர் அதோடு நிற்காமல் சாதியையும் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். தனியாக வாழும் பெண்களுக்கும், திருமணமாகாத இளைஞர்களுக்கும், சிறுபான்மையினருக்கும் இதனால் வீடு கிடைப்பது கடினமாகிறது. இதை நியாயம் என்று ஏற்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் வீடு தேடுவோருக்கு நேரமும் மன அமைதியும் மிச்சமாக வேண்டுமானால், தரகரிடம் தொலைபேசியிலேயே இதைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, அப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கப் போகாமல் இருப்பதே மேல். கோடம்பாக்கத்தையும் அசோக் நகரையும் ஒட்டிய தெருக்களில் இந்தக் கெடுபிடி ஒப்பளவில் குறைவு.

இரண்டாம் படி: ஒப்பந்தமும் முன்பணமும்

தமிழ்நாட்டில் வீட்டு வாடகையை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் பழைய சென்னை வழக்கத்துக்கு எதிராக மூன்று மாத வாடகையை அச்சட்டம் வரம்பாகக் குறிப்பிடுகிறது. எனினும் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்ற விலக்கும் அதிலேயே இருப்பதால், பேச்சுவார்த்தையில் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தொகையைக் குறைக்கக் கேட்கலாமே தவிர, அதை மட்டும் நம்பிப் பிடிவாதம் பிடிக்க இயலாது.

ஒப்பந்தத்தில் பலரும் கவனிக்காமல் கையெழுத்திடும் இடங்கள் சில உண்டு. காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்காக முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, மின் இணைப்பு தனியானதா அல்லது உரிமையாளரின் மீட்டரிலிருந்து பிரிந்ததா, வெளியேற எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பனவற்றை எழுத்தில் வாங்குங்கள். சாவி வாங்கும் நாளன்று ஒவ்வோர் அறையையும், சுவரின் விரிசல்களையும், குழாய்களையும், மின்விசிறிகளையும் கைப்பேசியில் படம் பிடித்து உரிமையாளருக்கே அன்றே அனுப்பிவிடுவது பிற்காலச் சச்சரவுகளில் பாதியைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: தண்ணீர்

இந்த நகரத்தில் வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போன 2019ஆம் ஆண்டின் கோடைக்குப் பிறகு யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குத் தண்ணீர் பொதுவாக மூன்று வழிகளில் வருகிறது: சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர். வாரியத் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில் வந்து தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் சேர்கிறது. இதை எல்லோரும் சம்ப் என்றே சொல்கிறார்கள். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் அதே சம்ப்பில் கலக்கிறது. அப்படிக் கலந்தால் குழாயில் வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துவது சரியாகாது. ஆகவே சமையலறையில் வாரியத் தண்ணீருக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் அது பெரிய வரம். கேன் தண்ணீர்ச் செலவு மாதந்தோறும் மிச்சமாகும்.

தனிக் குழாய் இல்லாத வீடுகளில் ஒன்று கேன் வாங்க வேண்டும், அல்லது வடிகட்டும் கருவி பொருத்த வேண்டும். கேன் வாங்குவோர் மூடியின் மேல் உள்ள முத்திரை உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதியும் உரிமக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்; வெயிலில் நாள்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தவிர்க்க வேண்டும். கருவி வாங்குவோர் முதலில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளட்டும். வாரியத் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில், உப்பை நீக்கும் விலையுயர்ந்த கருவி பெரும்பாலும் தேவைப்படாது, ஊற்றும் நீரில் ஒரு பகுதியை அது வீணாக்கவும் செய்யும்.

வழக்கமாக வரும் நீர் திடீரென நின்றால், அண்டை வீட்டிலும் நின்றிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தெரு முழுவதும் நின்றிருந்தால் வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் கட்டணத்துக்கு லாரியும் அனுப்புவார்கள். தனியார் லாரியைவிட இதன் விலை குறைவு என்றாலும், கோடையில் சில நாள் காத்திருக்க நேரலாம்; எனவே சம்ப் காலியான பிறகு பதிவு செய்யாமல் பாதி இருக்கும்போதே செய்துவிடுவது முறை.

நான்காம் படி: மின்சாரம்

வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 அலகுகள் இலவசம். இதில் புதிதாக வருவோர் கவனிக்காத நுணுக்கம் ஒன்றுண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 அலகைத் தாண்டாத வீடுகளுக்கு ஒரு கட்டணப் படிநிலையும், தாண்டும் வீடுகளுக்கு வேறொரு படிநிலையும் இருக்கின்றன. 101 முதல் 200 வரையிலான அலகுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணம், மொத்தம் 500ஐத் தாண்டியவுடன் கைநழுவிப் போகிறது. எனவே 501ஆவது அலகு ஓர் அலகின் விலையோடு நிற்பதில்லை. குளிரூட்டி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் மீட்டரைத் தாமே வாரம் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் இந்த எல்லையைப் பல வீடுகள் தாண்டாமலே சமாளித்துவிடலாம்.

குடியேறும் நாளன்று மீட்டர் எண்ணிக்கையைப் படம் எடுத்து, மின் இணைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் நிலுவை இருக்கிறதா என்பது அந்த எண்ணைக் கொண்டு இணையத்திலேயே தெரிந்துவிடும். உரிமையாளரின் மீட்டரிலிருந்து துணை மீட்டர் வைத்து, அலகுக்கு இவ்வளவு என்று ஒரே விலை கேட்கும் வீடுகளில் இலவச அலகுகளின் பயன் குடித்தனக்காரருக்கு வந்து சேர்வதில்லை; வாடகையை ஒப்பிடும்போது இந்தத் தொகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். மின்தடைக்கும் கம்பி அறுந்த நிகழ்வுக்கும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் எந்நேரமும் இயங்குகிறது.

ஐந்தாம் படி: முதல் சில நாட்களில் முடிக்க வேண்டியவை

சமையல் எரிவாயு இணைப்பைப் பழைய முகவரிடமிருந்து மாற்றிக்கொள்வது முதல் வேலை. உருளை வந்து இறங்கும்போது முத்திரையைப் பார்ப்பதோடு எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே இருக்கும் வாயு 14.2 கிலோ, அதனோடு உருளையின் மேல் எழுதியிருக்கும் வெற்று எடையைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும்.

ஆவின் பாலில் நீல உறை 3 சதவீதக் கொழுப்பும், ஆரஞ்சு உறை 6 சதவீதக் கொழுப்பும் கொண்டது. காலையில் ஃபில்டர் காபி குடிப்பவர்கள் ஆரஞ்சை நாடுவதும், முதியவர்கள் உள்ள வீடுகள் நீலத்தோடு நிறுத்திக்கொள்வதும் இங்கே பொதுவான பழக்கம். மாத அட்டை வாங்கினால் சில்லறை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

குடும்ப அட்டையின் முகவரியை மாற்ற உணவுப்பொருள் வழங்கல் துறையின் இணையதளமே போதும். இணையம் பழகாதவர்கள் இ-சேவை மையத்தை அணுகலாம். மாற்றம் முடிந்தபின் எந்தக் கடை உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து நேரில் ஒரு முறை சென்று வாருங்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பது வாடகை வீட்டுக் குடும்பத்துக்குச் சிறு உதவி இல்லை. பருப்பும் எண்ணெயும் மாதத்தின் எல்லா நாளும் இருப்பதில்லை. வந்திருக்கிறதா என்பதைக் கடைக்கு எதிர் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உலக வழக்கம். வாக்காளர் பட்டியலில் இருப்பிட மாற்றத்துக்கு எட்டாம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். தேர்தல் நெருங்கிய பிறகு எல்லோரும் ஓடும் வேலை இது. முன்பே செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

ஆறாம் படி: கடை கண்ணி

மாம்பலம் இரயில் நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து தொடங்கும் ஸ்டேஷன் ரோடுதான் இப்பகுதியின் சந்தை. காய்கறி, கீரை, பழம், வாழை இலை, பூ, தேங்காய் எல்லாமே சாலையோரத்தில் அடுத்தடுத்து இருக்கும். காலையில் சரக்கு புதிதாக இருக்கும், விலையும் நிமிர்ந்து நிற்கும்; இரவு எட்டரைக்கு மேல் கூறு கட்டி விற்கும்போது அதே தக்காளி இறங்கி வரும். அன்றே சமைத்துவிடப் போகிறவருக்கு இரவுக் கூறு லாபம். வாரத்துக்கு வாங்கி வைப்பவருக்கு அது நஷ்டம். முதல் சில வாரம் நாலைந்து கடைகளில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு கடையோடு நின்றுகொள்வது நல்லது. முகம் பழகிய வாடிக்கையாளருக்குச் சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட மாட்டார்கள், கறிவேப்பிலை கொத்தமல்லியும் கேட்காமலே பையில் விழும்.

கல்யாணச் சாமான், பூஜைப் பொருள், பாத்திரம், வறுத்து அரைத்த காபித்தூள், அப்பளம், வடாம், ஊறுகாய் ஆகியவற்றுக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. முதியவர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு வேளைச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் சிறு சமையற்கூடங்களும் மெஸ்களும் இங்கே பல உண்டு; பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் குடும்பங்கள் இவ்வளவு பெருகியிருக்கும் பகுதியில் இது இயல்பானது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள். திங்களன்று நன்றாக இருக்கும் சாம்பார் வியாழனன்றும் அப்படியே இருக்கிறதா என்பதில்தான் சமையற்கூடத்தின் யோக்கியதை தெரியும்.

மண்டபங்களும் கோயில்களும் நிறைந்த உள் தெருக்களில் மீனும் இறைச்சியும் எளிதாகக் கிடைக்காது; கோடம்பாக்கம், சைதாப்பேட்டைப் பக்கம் போக வேண்டும். துணிமணிக்கு இரயில் பாதையைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருப்பது உள்ளூர்க்காரர்களின் எழுதாத விதி.

குறைந்த செலவில் பசியாற வேண்டியவர்களுக்கு, 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் மாநகராட்சி வார்டுகளில் இயங்குகின்றன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய்.

ஏழாம் படி: எந்தக் குறைக்கு யாரை அழைப்பது

பகுதி வாழ்க்கையில் ஏற்படும் எரிச்சலில் பெரும்பங்கு, தவறான அலுவலகத்தில் சரியான புகாரைச் சொல்வதால் வருகிறது. கழிவுநீர் பொங்கினால் மாநகராட்சியை அழைத்துப் பயனில்லை. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் வாரியத்தை அழைத்துப் பயனில்லை. அது மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் குழப்பம் வருகிறது. சாலையின் நடுவில் வட்ட மூடியோடு இருப்பது பெரும்பாலும் கழிவுநீர்ப் பாதை. ஓரத்தில் சதுரப் பலகை மூடியோடு செல்வது மழைநீர் வடிகால். மூடியின் வடிவத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் ஒரு நாள் மிச்சம்.

குப்பை, தெருவிளக்கு, குண்டும் குழியுமான உட்சாலை, விழுந்த மரம், தெருநாய், கொசு மருந்து ஆகிய அனைத்துக்கும் மாநகராட்சியின் 1913 என்ற எண் போதுமானது. மேற்கு மாம்பலம் சென்னை மாநகராட்சியின் பத்தாவது மண்டலமான கோடம்பாக்கத்தில் அடங்குகிறது. உங்கள் வார்டு எண்ணை ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகாரின்போது முதலில் கேட்பது அதுதான். தெருவிளக்குக்குக் கம்பத்தின் மேல் எழுதியுள்ள எண்ணையும் சொன்னால் ஊழியர் தேடி அலைய மாட்டார். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளாத புகார் செய்யாத புகாருக்குச் சமம்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பது கட்டாயம். மின்கல வண்டியில் காலையில் வரும் தூய்மைப் பணியாளரின் நேரத்தைக் கவனித்து அதற்கு முன் வாசலில் வைத்துவிடுங்கள். உடைந்த கண்ணாடியையும், பயன்படுத்திய ஊசிகளையும், சானிட்டரி நாப்கின்களையும் தாளில் சுற்றித் தனியே கொடுப்பது, வெறுங்கையால் அவற்றைத் தொட நேரும் ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. செய்தித்தாளுக்கும் பழைய இரும்புக்கும் காயலான் கடைக்காரர் இருக்கவே இருக்கிறார்.

எட்டாம் படி: போக்குவரத்து

மேற்கு மாம்பலத்தின் பெரிய பலம் இரயில் நிலையம். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு மின்வண்டிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகள் பலவும் மாம்பலத்தில் நிற்பதால், எழும்பூர் வரை மூட்டையோடு போக வேண்டியதில்லை. நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட, அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆகாய நடைபாதை, ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பேருந்தைப் பிடிக்க உதவுகிறது. கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் வெளியூர்ப் பேருந்துகளுக்கு மின்வண்டியில் தாம்பரம் வரை சென்று, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் ஏறுவது சாலை வழியாகவே போவதைவிடப் பெரும்பாலும் விரைவானது.

மெட்ரோ இரயிலுக்கு 2015இல் திறக்கப்பட்ட அசோக் நகர் நிலையம் அருகில் இருக்கிறது. விமான நிலையம் போக வேண்டுமானால் ஆலந்தூரில் வண்டி மாற வேண்டும். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் பயணம் இலவசம். ஆட்டோவுக்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த விலைக்கு இன்று யாரும் வர மாட்டார்கள் என்பதால் ஏறுமுன் பேசிக்கொள்வதோ செயலியில் பதிவு செய்வதோதான் வழி.

இரயில் பாதையைச் சாலை வழியே கடக்க மேட்லி, துரைசாமி, அரங்கநாதன் ஆகிய சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. பெருமழையில் முதலில் மூடப்படுபவையும் இவையே. தியாகராய நகர்ப் பக்கத்தில் பள்ளியோ அலுவலகமோ உள்ளவர்கள் கோடம்பாக்கம் மேம்பாலம் வழியாகச் சுற்றிவரும் மாற்றுப் பாதையை வெயில் காலத்திலேயே ஒரு முறை ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: மருத்துவமும் முதியோரும்

நோய் வரும்முன் மருத்துவமனையின் வாசலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். லேக் வியூ ரோட்டில் உள்ள பப்ளிக் ஹெல்த் சென்டர், அறநிறுவன முறையில் குறைந்த கட்டணத்தில் இயங்கும் பழைய மருத்துவமனை. வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு இதுவே முதல் புகலிடம். கே.கே. நகரில் அரசு புறநகர் மருத்துவமனையும், தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கான இஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கின்றன. இதய, சிறுநீரக, நரம்பியல் சிக்கல்களுக்கு 2023 ஜூனில் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை. தடுப்பூசி, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். வரிசையில் நிற்கப் பொறுமை மட்டும் வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் உங்கள் தெருவுக்குள் நுழையுமா என்பதை ஒரு மாலையில் நின்று பார்த்து வையுங்கள். இரு புறமும் கார் நிற்கும் தெருவில், எந்த முனையில் காத்திருக்கச் சொல்ல வேண்டும் என்பது அவசரத்தில் யோசிக்கும் விஷயம் அல்ல. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரை அமர்த்துவோர் அவருடைய அடையாளச் சான்றின் நகலை வாங்கிக் காவல் நிலையத்தில் தெரிவித்துவிடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மாலை வேளைகளில் முதியோருக்குப் பொழுது போவது இங்கே கடினம் இல்லை. ஆரிய கவுடா சாலையின் அயோத்தியா மண்டபத்தில் சொற்பொழிவும் கச்சேரியும் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. காசி விசுவநாதர் கோயிலும் கோதண்டராமர் கோயிலும் நடக்கும் தொலைவில் உள்ளன. விரிவான நடைப்பயிற்சிக்கு மட்டும் உள்ளூரில் இடம் போதாது. தியாகராய நகரின் நடேசன் பூங்காவுக்கோ கே.கே. நகரின் சிவன் பூங்காவுக்கோ போக வேண்டும்.

இறப்பு நேர்ந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஓடாது என்பதால் இதையும் சொல்லிவிடுவது நல்லது: அருகில் உள்ள மாநகராட்சி மயானம் தியாகராய நகர் கண்ணம்மாபேட்டையில் இருக்கிறது. வீட்டில் இறந்தவருக்கு மருத்துவரின் சான்று இல்லாமல் அங்கே அனுமதி கிடைக்காது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

பத்தாம் படி: மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். செப்டம்பர் மாதத்திலேயே மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்த சருகை அகற்றி, மழைநீர் சேகரிப்புக் குழியின் மணலைக் கிளறிவிடச் சொல்லுங்கள். வீட்டு வாசலின் மழைநீர் வடிகால் மண்ணடைத்து இருந்தால் அப்போதே 1913க்குத் தெரிவியுங்கள். நவம்பரில் அந்த எண்ணில் இணைப்புக் கிடைப்பதே கடினமாகிவிடும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் சான்றிதழ்களையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றிவிட வேண்டும். சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதைச் சுற்றி இரண்டு செங்கல் உயரத்துக்குக் கட்டிக்கொள்வது அவசியம். தெருவில் தேங்கும் நீரில் கழிவுநீரும் கலந்திருக்கும், அது சம்ப்புக்குள் இறங்கினால் முழுவதையும் வெளியேற்றிக் குளோரின் போட்டுக் கழுவும்வரை ஒரு சொட்டும் பயன்படாது. புயல் எச்சரிக்கை வந்த அன்று மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, குடிக்க இரண்டு கேன், மெழுகுவத்தி, பால் பவுடர், மூன்று நாளைக்கு வேண்டிய மருந்து ஆகியவற்றை வாங்கி வைத்தால் போதும். மூட்டை கட்டி ரொட்டி வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

இப்பகுதியில் தெருவோரம் நிற்கும் மின்விநியோகப் பெட்டிகளைப் பில்லர் பாக்ஸ் என்பார்கள். தேங்கிய நீரில் அவற்றின் அருகே நடக்கக் கூடாது, குழந்தைகளை அனுப்பவும் கூடாது. தரைத்தள மீட்டர் பலகையை நீர் எட்டும் நிலை வந்தால் மின்வாரியம் நிறுத்தும்வரை காத்திராமல் முதன்மைச் சுவிட்சை நீங்களே அணைத்துவிட வேண்டும். அந்தச் சுவிட்சும் பொது மோட்டாரின் சுவிட்சும் எங்கே இருக்கின்றன என்பது குடியிருப்பில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்; அந்த இருவரில் ஒருவர் பகலிலும் வீட்டில் இருப்பவராக அமைவது நல்லது.